ஆடிச் சீரும் முழங்கைப் பேடும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
கீலக வருஷம் ஆடி மாதம் 24-ம் தேதி.

ஆரணியில் வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி நமச்சிவாயம் அவர்களுக்கு, காஞ்சிபுரம் மயில்வாகனம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஏகாம்பரநாதர் கிருபையால் இவ்விடம் அனைவரும் சுகம், என் இடது விலாவும் வலது கணுக்காலும் நீங்கலாக. அவ்விடம் தங்கள் சுகத்தையும் சம்பந்தியம்மாள் சுகத்தையும் தங்கள் இரண்டு தறிகளின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். ஆடிக்குத் தாய்வீடு வந்திருக்கும் தங்கள் மருமகள் இந்திராணி வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்கிறாள். பெண்ணைப் பெற்றவன் எழுதவேண்டிய மரியாதை இத்துடன் முடிந்தது. இனி வருவதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும். முடிந்தால் சம்பந்தியம்மாள் பக்கத்தில் இல்லாத சமயமாகப் பார்த்துப் படிக்கவும்.

தங்கள் மகன் அர்ஜுனன் எனக்கு ஒரே மாப்பிள்ளை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பெண் கேட்டு வந்த அன்று, பையன் ஜவ்வாது மலையில் மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், சர்க்கார் உத்தியோகம், வெற்றிலைகூடப் போடமாட்டான் என்று அடுக்கிக்கொண்டே போனீர்களே, அந்த மலையில் அவரிடம் ஒரு சைக்கிள் இருக்கிறது என்பதை மட்டும் ஏன் விழுங்கினீர்கள்? சைக்கிள் விடுவது குற்றமில்லை. நானே பதினாறு வயதிலிருந்து விடுகிறேன். ஆனால் ஆண்டவன் தரை என்று ஒன்றைச் சமமாகப் படைத்து வைத்திருக்கிறான், அதில் விடுகிறேன். மலையில் சைக்கிள் வைத்திருப்பவன் ஏறும்போது சைக்கிளைத் தான் சுமக்கிறான், இறங்கும்போது சைக்கிள் அவனைச் சுமக்கிறது, அதுவும் பாதி வழிதான். மிச்சப் பாதியில் சைக்கிள் தனியாகவும் அவன் தனியாகவும் வந்து சேருகிறார்கள். ஐந்தாவது வரைக்கும் படித்த எனக்கே இது விளங்குகிறது. மாட்டுக்கு ஊசி போடுகிற அளவுக்குப் படித்தவருக்கு விளங்கவில்லை.

ஆடி ஒன்றாம் தேதி இங்கே நடந்தது தங்களுக்குப் பாதிதான் தெரியும். தலை ஆடியாயிற்றே என்று மாப்பிள்ளையை முறையாக அழைத்து, தேங்காய்ப்பால் காய்ச்சி, வேட்டி சட்டை வைத்துக் கொடுத்து, பங்காளிகளும் தங்கைமார்களுமாக இருபது பேர் கூடியிருக்கும்போது, "மாப்ளே, உங்க மனசுல இன்னா இருக்குதோ கூச்சப்படாம கேளுங்க" என்றேன். இந்தக் கேள்விக்கு நம் சனத்தில் இதுவரைக்கும் மூன்று பதில்கள்தான் வந்திருக்கின்றன. மோதிரம், கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர். மூன்றில் எதைக் கேட்டாலும் மறுக்காமல் கொடுப்பது என்று நானும் என் சம்சாரம் காமாட்சியம்மாளும் முதல் நாளே பேசி வைத்திருந்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, முழங்கைக்குப் போட்டுக்கறாங்களே பேடு, அது ஒரு ஜோடி வேணும். மலை எறக்கத்துல சைக்கிள் சறுக்கி உழுந்து உழுந்து முழங்கைல தோலே மிச்சமில்ல. துணி சுத்திப் பாத்தாச்சு, நிக்கமாட்டேங்குது. கையோட ஒட்டினாப்ல இருக்கணும், மடக்கினா உறுத்தக் கூடாது."

என் பெரிய தங்கை அங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மோதிர வெரல்லேர்ந்து ஒரு முழம் மேல ஏறிட்டாரு மாப்ள" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தது மாப்பிள்ளையைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தச் சிரிப்பை அடக்கவேண்டும் என்கிற வேகத்தில் நான் எழுந்து நின்று, "சிரிக்காதீங்க. ஆவணி ஒண்ணாந்தேதி என் பொண்ணு புருஷன் வூட்டுக்குத் திரும்பறப்போ கையில பேடோடதான் போவா. இது மயில்வாகனம் வாயால வந்த வார்த்தை" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது என்ன சாமான், எந்தக் கடையில் விற்கும், தின்பதா உடுத்துவதா என்றுகூட எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை ரொம்பச் சந்தோஷப்பட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தார். நூலில் இரண்டு முடிச்சு. அளவாம். அளந்து பார்த்தேன், ஒன்பதரை அங்குலம்.

சம்பந்தி, தாங்களும் தறிக்காரர். நூலை இழுத்துப் பிடித்தால் ஒரு அளவு, தளர்த்திப் பிடித்தால் ஒரு அளவு என்பது தங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும் எப்படிப் பிடித்தாலும் ஒன்பதரை அங்குலம் என்பது ஒரு ஆண்பிள்ளையின் முழங்கையா? மலைக்காற்றில் மனிதன் இப்படியா இளைத்துப் போவான்? இந்திராணியைத் தனியாகக் கூப்பிட்டு, "புருஷனுக்கு ஒழுங்கா ஆக்கிப் போடறியா இல்லியா? கை குச்சியாப் பூட்டிருக்குதே" என்று கண்டித்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன். அளவை மட்டும் நான் பன்னிரண்டு அங்குலமாக்கிக்கொண்டேன். மாப்பிள்ளை என்றால் ஒரு மரியாதை அளவு வேண்டாமா?

முதலில் போனது முனிசாமியின் சைக்கிள் கடைக்கு. சைக்கிள் சம்பந்தப்பட்ட வியாதிக்கு மருந்து சைக்கிள் கடையில்தானே இருக்கும் என்று நினைத்தேன். அவன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இன்னா நைனா, சைக்கிளுக்கே டயர் கெடைக்காம அவனவன் அலைஞ்சிக்கினு கீறான், நீ முழங்கைக்கு டயர் கேக்கறே?" என்றான். பிறகு, பழைய டயர் ஒன்றை அறுத்து, ட்யூபில் வார் போட்டு, அவன் கண்டுபிடித்த ஒரு சாமானை என் கையில் மாட்டிவிட்டான். அந்த வெயிலில் வீடு வந்து சேருவதற்குள் என் முழங்கை வெந்து கறுத்துவிட்டது. மூன்று நாள் சிகைக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வாசனை இன்னும் இருக்கிறது. பட்டு நெய்கிறவன் கையில் கறுப்பு ஏறினால் அது எங்கே போய் ஏறும் என்பது தங்களுக்குத் தெரியும். தறியில் இருந்த எலுமிச்சைப் பழ நிறச் சேலையில் இரண்டு இடத்தில் ஏறியிருக்கிறது. இதை முனிசாமியிடம் சொன்னதற்கு, "அது டிசைன்னு சொல்லி வித்துரு" என்று யோசனை சொன்னான். அவன் தொழிலை அவன் எப்படி நடத்துகிறான் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்தது தையற்காரர் கண்ணாயிரம். காஞ்சிபுரத்தில் ஜாக்கெட்டுக்குக் கை வைப்பதில் தனக்கு மேல் ஆள் கிடையாது என்று சொல்லிக்கொள்கிறவர். ஜாக்கெட்டின் கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே அவருக்கு அனுபவம் இல்லை என்பதை நான் முன்னமே யோசித்திருக்கவேண்டும். "ஒடம்புக்குத் தெக்கறவன்கிட்ட மூட்டுக்குத் தெக்கச் சொல்றீங்களே" என்று சலித்துக்கொண்டே ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். இலவம்பஞ்சு அடைத்து, மேலே காடாத்துணி, நடுவில் குறுக்குத் தையல். பார்க்கக் குழந்தையின் தலையணை. மெத்தென்று இருக்கவேண்டும் என்றீர்களே என்கிறார். மெத்தென்றுதான் இருந்தது. மாட்டிக்கொண்டு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன், சம்பந்தி. கை மடங்கவில்லை. எடுத்த சோறு காது வரைக்கும் போகிறது, வாய்க்கு வரவில்லை. காமாட்சியம்மாள் குழம்புக் கரண்டியோடு நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "ஊட்டி உடட்டுமா?" என்று கேட்டாள். கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அன்றுதான், அதுவும் கேலிக்கு. கண்ணாயிரத்திடம் போய் முறையிட்டால், "சைக்கிள் உடறப்போ சாப்பிடக் கூடாது" என்கிறார்.

சரி, ஊர்க்காரர்களை நம்பினது போதும் என்று மதராஸுக்குப் பஸ் ஏறினேன். மவுண்ட் ரோடில் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு பெரிய கடை. கழுத்தில் டை கட்டிய ஒருவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நான் முழங்கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் தமிழுக்கு இறங்கி வந்து, "எந்த டீம்?" என்றார். மாட்டு ஆஸ்பத்திரி என்றேன். அவர் ஒரு தடவை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஹாக்கி ஆடுகிறவர்கள் காலில் கட்டுவதை எடுத்து வைத்தார். இது காலுக்காயிற்றே என்றேன். "கைக்கும் கட்டலாம், ஒண்ணும் தப்பில்ல" என்றார். அப்புறம் குத்துச்சண்டைக்காரன் போடும் உறையை எடுத்து வைத்தார். அதைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை எப்படி ஹேண்டில்பார் பிடிப்பார் என்றேன். "மாப்பிள்ளை சைக்கிள் விடறாரா? அப்படின்னா விழாம விடச் சொல்லுங்க, அதுதான் நல்லது" என்றார். அந்தக் கடையில் நான் கேட்ட ஒரே புத்தியுள்ள வார்த்தை அதுதான். அதைக் கேட்க நாற்பத்தைந்து மைல் போகவேண்டியதாயிற்று.

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று தலைமுறையாக ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தச் சேலை நெய்து கொடுத்த குடும்பம், தன் வீட்டு மாப்பிள்ளையின் முழங்கைக்கு மவுண்ட் ரோடில் போய் நிற்கிறதா? வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நாமளே நெய்யறோம்" என்றேன். தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்குக் கோர்வை இழுக்கிற வீரபாகு, "இன்னாத்த?" என்றான். "முழங்கையை" என்றேன். தறியில் அப்போது மூன்று சேலைப் பாவில் இரண்டு நெய்து முடித்து, ஒரு சேலைக்கான பாவு மிச்சம் இருந்தது. அதே எலுமிச்சைப் பழ நிற உடல், பச்சைக் கரை. மாப்பிள்ளைக்கு ஆயிற்றே என்று கரையில் ருத்திராட்சமும், நடுவில் முழங்கை முட்டுகிற இடமாகப் பார்த்து ஒரு ஜரிகை மயிலும் வைத்தேன். வீரபாகு மட்டும், "பட்டு வழுக்குமேண்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னான். வழுக்குகிறதுதான் பட்டு, வழுக்காதது சாக்கு என்று அவன் வாயை அடைத்தேன்.

இங்கேதான் ஒரு சங்கடம். ஒரு ஜோடி நெய்தாயிற்று. நிறுத்தலாம் என்றால், தறியில் ஏறின பாவு நூலை நடுவில் அறுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பாவை அறுத்தால் வீட்டில் காரியம் ஒன்று பாதியில் நிற்கும் என்பது என் தகப்பனார் காலத்துப் பேச்சு. பெண் புருஷன் வீடு போகவேண்டிய மாதத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் வருமா? ஆகவே பாவு தீருகிறவரை நெய்தோம். நெய்து முடித்து, மடித்துத் தைத்து எண்ணிப் பார்த்தால் நாற்பத்தெட்டு. அதாவது இருபத்து நாலு மாப்பிள்ளைகளுக்கு. எனக்கு இருப்பது ஒரு பெண், ஒரு மாப்பிள்ளை. தெருவில் யாருக்காவது கொடுக்கலாம் என்றால், பிள்ளையார்பாளையத்தில் மலை இறங்குகிற பைத்தியம் வேறு ஒருவரும் இல்லை. அங்கம்மாள் மட்டும் பெரிய மனது பண்ணி நாலு வாங்கிக்கொண்டு போனாள். குத்துவிளக்குக்கு உறை போட்டிருக்கிறாளாம்.

அனுப்புவதற்கு முன்னால் பரீட்சை பார்க்கவேண்டும் அல்லவா? சேலையானால் மடித்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடலாம். இதை மலையில் வைத்துத்தான் பார்க்கமுடியும். காஞ்சிபுரத்தில் உயரமானது கோபுரம் ஒன்றுதான், அதில் சைக்கிள் விட தர்மகர்த்தா சம்மதிக்கமாட்டார். ஆகவே ஓரிக்கைக்குப் போனோம். அங்கே பாலாற்றங்கரை மேலிருந்து மணலுக்கு ஒரு மாட்டு வண்டித் தடம் இறங்குகிறது. மேலே நின்று பார்த்தால் இரண்டு ஆள் உயரம்தான் இருக்கும். வீரபாகு, "நான் உடறேண்ணா, எனக்கு வயசு கம்மி" என்றான். மாப்பிள்ளைக்குப் போகிற சீரை வேலையாள் உடம்பில் பரீட்சை பார்ப்பது முறையா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஜரிகை மயில் மின்ன, நானே ஏறி உட்கார்ந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, "சாமி வாகனம் வருதுடி" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

சம்பந்தி, பட்டு வழுக்கும் என்று வீரபாகு சொன்னது உண்மை. சைக்கிள் தலை கவிழ்ந்ததும் இரண்டு பேடும் முழங்கையை விட்டு இறங்கி மணிக்கட்டுக்கு வந்து, ஹேண்டில்பாரையும் பிரேக்கையும் என் விரல்களையும் சேர்த்து மூடிக்கொண்டன. பிரேக் எங்கே என்று ஜரிகைக்குள் தேடிக்கொண்டே கீழே போனேன். அங்கே ஒரு முள்வேலி இருந்தது. வீரபாகு ஓடிவந்து என்னைப் பிரித்து எடுத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, முழங்கைக்கு ஒண்ணுமே ஆவல!" என்று சந்தோஷமாகச் சத்தம் போட்டான். வாஸ்தவம். முழங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. விலாவுக்கும் கணுக்காலுக்கும் ஆயிற்று, மூக்குக் கண்ணாடிக்கு ஆயிற்று, பல்லில் ஒன்று ஆடுகிறது.

இவ்வளவு நேரம் நான் ஏளனமாக எழுதியதைத் தாங்கள் பொறுத்துக்கொண்டிருப்பீர்கள். இனி ஏளனம் இல்லை. நான் இறங்கியது நாலே விநாடி. அந்த நாலு விநாடியில் எனக்கு என் உயிரைப் பற்றி நினைப்பு வரவில்லை. அர்ஜுனன் நினைப்பு வந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருக்கிற மலையில் மைல் கணக்கில் அந்தப் பிள்ளை எதை நம்பி இறங்குகிறது? மாசியில் கல்யாணம் பண்ணினோம். என் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. ஒரு வார்த்தை இருக்கிறது, அதை நான் எழுதமாட்டேன், தாங்களும் நினைக்க வேண்டாம். அந்த வார்த்தை என் வீட்டு வாசலுக்கு வருவதற்கு ஒரு வளைவும் கொஞ்சம் சரளைக் கல்லும் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது, சம்பந்தி. முள்வேலியில் படுத்துக்கொண்டு நான் அழுதேன். வலியில் அழுவதாக வீரபாகு நினைத்துக்கொண்டான்.

ஆகவே என் முடிவைத் தெரிவிக்கிறேன். பேடு கிடையாது. பேடு கொடுத்தால் இன்னும் தைரியமாக இறங்குவார். வார்த்தை தவறியவன் என்று இருபது பேரும் சொல்லட்டும், அங்கம்மாள் சிரிக்கட்டும், எனக்குக் கவலையில்லை. அந்தச் சைக்கிளை விற்றுவிட்டேன், இனிமேல் மலையில் காலால்தான் நடப்பேன் என்று மாப்பிள்ளை கைப்பட எழுதி, தாங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். அது வருகிறவரைக்கும் ஆவணி பிறந்தாலும் சரி, தை பிறந்தாலும் சரி, இந்திராணி இங்கேதான் இருப்பாள். சம்பந்தம் செய்த இடத்தில் நிபந்தனை போடுவது பெண் வீட்டானுக்கு அழகில்லை என்று தெரிந்தே போடுகிறேன். தாங்களும் பிள்ளையை இப்படி வளர்த்திருக்க வேண்டியதில்லை.

வேறு விசேஷமில்லை. சம்பந்தியம்மாளுக்குக் காமாட்சியம்மாளின் நமஸ்காரம். தங்கள் தறிகளில் இழை அறாமல் ஓட அம்பாளை வேண்டுகிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவர் இரண்டு காலும் தரையில் இருக்கிற பட்சத்தில்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
மயில்வாகனம்.

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி முடித்து, மேல்விலாசம் எழுத இந்திராணியைக் கூப்பிட்டேன். என் கையெழுத்தில் விலாசம் எழுதினால் எதிர்வீட்டுக்கே போய்ச் சேராது. விலாசம் எழுத உட்கார்ந்தவள் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணாயிரம் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஓரிக்கை வந்ததும் சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டாள். பிறகு எழுந்து, ஒரு மாதமாக இந்தப் புழுக்கத்திலும் விடாமல் போட்டுக்கொண்டிருந்த நீளக் கை ரவிக்கையை மேலே ஏற்றி, இரண்டு முழங்கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பழைய வடு, புதுத் தோல், காய்ந்த பக்கு எல்லாம் இருந்தன.

"உழுந்ததெல்லாம் நாந்தாம்பா. அவருக்கு சைக்கிளே உடத் தெரியாது" என்றாள்.

சம்பந்தி, அந்தச் சைக்கிள் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கார் கொடுத்ததாம். விற்கச் சொல்லி நான் போட்ட நிபந்தனையை நிறைவேற்றினால் தங்கள் மகன் ஜெயிலுக்குப் போவார். இரண்டு வருஷமாக அதன் மேல் மருந்துப் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டுதான் அவர் மலையில் நடந்திருக்கிறார். என் பெண் அங்கே போன பதினைந்தாம் நாள் அதை வாங்கி ஏறியிருக்கிறாள். இங்கே நான் தறியில் இருக்கிற நேரமெல்லாம் என் சைக்கிளை எடுத்துப் பழகியவளாம். இப்போது சந்தை நாளில் அவள் மருந்துப் பெட்டியோடு மூன்று மைல் இறக்கத்தில் முன்னால் போகிறாள், கம்பவுண்டர் பின்னால் ஓடி வருகிறார். ஒன்பதரை அங்குலம் அவள் முழங்கை. அவள் தூங்கும்போது அவரே நூல் வைத்து அளந்தாராம். என்ன சீர் வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்டால் தனக்குத்தான் கேட்பார் என்பது நம் வழக்கம். அத்தனை பேர் நடுவில் பெண்டாட்டி முழங்கைக்குக் கேட்ட மாப்பிள்ளையை நம் சனத்தில் நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. "ஏம்மா சொல்லல?" என்றால், "நீ கேக்கவே இல்லியேப்பா. மாப்ள முழங்கை மாப்ள முழங்கைன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சே. சொன்னா என்னைத் திருப்பி அனுப்பமாட்டேன்னு பயமா இருந்துச்சு" என்கிறாள். காமாட்சியம்மாளுக்கு முதல் நாளே தெரியுமாம். முழங்கைக்கு மஞ்சள் அரைத்துப் போடுவதே அவள்தானாம். என் விலாவைப் பார்த்த பிறகாவது சொல்லியிருக்கலாம். தாங்களும் தெரிந்துகொண்டுதான் சும்மா இருந்தீர்களா என்பதைத் திரும்பு தபாலில் தெரிவிக்கவும்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் மேலே எழுதிய அத்தனையும் இப்போது என் பெண்ணைப் பற்றியதாக ஆகிவிடுவதால் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முனிசாமியையும் கண்ணாயிரத்தையும் பற்றி எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

"ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை? அவரு மாதிரி தள்ளிக்கினு நடந்தா இன்னா?" என்று கடைசியாக ஒன்று கேட்டேன். ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "எறக்கத்துல வர்றப்போ காத்து மூஞ்சில வந்து அடிக்கும்பா. அப்போ நான் கத்துவேன். சும்மா, சந்தோஷத்துல. அங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பத்தொன்பது வருஷம் இந்த வீட்டில் இருந்தாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தம் போடாத பெண் என்று சொல்லித்தான் தங்களுக்கும் கொடுத்தேன்.

ஆகவே சைக்கிள் இருக்கட்டும். காமாட்சியம்மாள் இரண்டு பேடில் ஜரிகையைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே வைக்க நான் பருத்தி நூலில் கொஞ்சம் சொரசொரப்பாக நெய்துகொண்டிருக்கிறேன், வழுக்காமல் இருக்க. ஒன்பதரை அங்குலம், ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆவணி ஒன்றாம் தேதி பேடோடு வந்து சேருவாள். விலா சரியானதும் புரட்டாசியில் நானும் மலைக்கு வருகிறேன். அந்த மூன்று மைல் முடிகிற இடத்தில் எனக்கு நிழலாக ஒரு கல் பார்த்து வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லவும். அவள் வருகிற நேரத்தில் அங்கே உட்கார்ந்து ஒரு தடவை கேட்கவேண்டும்.